சோறு என்று சொல்ல நாணுவதோ?



அண்மையில் விருதுநகரில் ஒரு திருமண விருந்து. இலை போட்டாயிற்று. உப்பு முதல் அப்பளம் வரை ஒவ்வொன்றாக வந்து இலையில் அமர்ந்தன. எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர், பரிமாறிக்கொண்டிருந்த இளைஞனைப் பார்த்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு வையப்பா" என்றார். அருகில் அமர்ந்திருந்த அவர் மகன், நன்கு படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நாலு பேர் இருக்கிற இடத்தில் சாதம் என்று சொல்லக்கூடாதா அப்பா?" என்று காதோடு கடிந்தார். பரிமாறிய இளைஞனோ அவ்விரண்டையும் விட்டுவிட்டு, "ஒயிட் ரைசா ஐயா?" என்று கேட்டான். முதியவர் ஒன்றும் பேசவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். பசியாறி எழுந்தாரா, மனம் நொந்து எழுந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஒரே பந்தியில் மூன்று தலைமுறை; ஒரே உணவுக்கு மூன்று சொல். பாட்டன் தமிழில் உண்டான். மகன் வடமொழியில் உண்டான். பேரன் ஆங்கிலத்தில் உண்கிறான். இலையில் கிடந்தது என்னவோ ஒரே சோறுதான்! தான் நாள்தோறும் உண்டு உயிர்வாழும் உணவின் பெயரைத் தன் தாய்மொழியில் சொல்ல நாணுகின்ற இனம் தமிழினத்தைப் போல் வேறொன்று இருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்நாணம் நம் பேச்சில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கின்றது என்று பாருங்கள். வேலை செய்யாதவனை இழித்துரைக்கத் 'தண்டச்சோறு' என்கிறோம். உடல் பருத்தவனைச் 'சோற்றுத் தடியன்' என்கிறோம். ஏழையைச் 'சோற்றுக்கு வழியற்றவன்' என்கிறோம். எவனாவது 'தண்டச் சாதம்' என்று ஏசி நீங்கள் கேட்டதுண்டா? ஏசுவதற்குச் சோறு, ஏத்துவதற்குச் சாதம்! வீட்டுப் பானையில் இருப்பது சோறு. கோயில் தட்டுக்குப் போனால் அதுவே பிரசாதம்! இகழ்ச்சியையெல்லாம் தமிழ்ச்சொல்லின் தலையில் சுமத்திவிட்டு, மதிப்பையெல்லாம் அயற்சொல்லுக்கு அணிகலனாகப் பூட்டிய பிறகு, எந்தப் பிள்ளைதான் சோறு என்று சொல்ல முன்வரும்?

நம் முன்னோர்க்கு இந்த நாணம் இருந்ததில்லை. சேர வேந்தன் ஒருவனுக்குப் புகழ்ப்பெயராகவே 'பெருஞ்சோற்று உதியன் சேரலாதன்' என்பது நின்றுவிட்டது. முடிமன்னன் பெயரோடு சோறு ஒட்டி நின்றது. அதனால் அவன் முடி சாய்ந்துவிடவில்லை. திருவள்ளுவர், தம் குழந்தை சின்னஞ்சிறு கையை விட்டு அளைந்த உணவைக் 'கூழ்' என்றே சொல்லி, அதனை அமிழ்தத்திற்கும் மேலாக வைத்தார். அவ்வளவோடு நின்றாரா? அரசின் உறுப்புகளை எண்ணும்போது, படைக்கும் குடிக்கும் அடுத்து நாட்டின் பொருள்வளத்தையே 'கூழ்' என்னும் சொல்லால் குறித்தார். இன்று கூழ் என்றால் மூக்கைச் சுளிப்பவன், வள்ளுவர் சிலைக்கு மாலை போடுகிறான்!

இதில் நகைப்பிற்கிடமான செய்தி ஒன்றும் உண்டு. நாம் எந்த ஆங்கிலச் சொல்லைப் பெருமையாகக் கருதி வாயில் இட்டுக்கொள்கிறோமோ, அச்சொல்லின் மூலத்தைத் தேடிப்போனால் அது நம் வீட்டு வாயிலிலேயே வந்து நிற்கக் கூடும். ஆங்கில 'ரைசு' கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அக்கிரேக்கச் சொல் தமிழ் 'அரிசி'யினின்று பிறந்தது என்பது கால்டுவெல் போன்றார் கருத்து. மறுப்போரும் உளர், ஆனால் 'கறி'யும் 'மிளகுத்தண்ணீ'ரும் ஆங்கிலத்துள் புகுந்து அவர்தம் அகரமுதலிகளில் இடம்பெற்றதை மறுப்பார் இலர். ஆங்கிலேயன் நம் மிளகுத்தண்ணீரைப் பெயரோடு எடுத்துச் சென்று தன் விருந்தில் வைத்தான். நாமோ அப்பெயரைத் தொலைத்துவிட்டு 'ரசம்' ஊற்றிக்கொள்கிறோம். கொண்டுபோனவன் பெயரைக் காத்தான், கொடுத்தவன் கைவிட்டான்!

"பெயரில் என்ன இருக்கிறது? வயிறு நிறைந்தால் போதாதா?" என்று நண்பர் சிலர் கேட்கக் கூடும். பெயரோடு நின்றிருந்தால் நாமும் இவ்வளவு வருந்த வேண்டுவதில்லை. சொல்லை இழந்தவன் அடுத்துப் பொருளையும் இழப்பான் என்பதற்கு இந்த விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கரிசல் நிலமே சான்றாக நிற்கின்றது.

இது ஆற்றுநீர் பாய்ந்து வளமுற்ற மண்ணன்று. வானம் பார்த்த புன்செய். கம்பும், சோளமும், குதிரைவாலியும், கேழ்வரகும் விளைந்த மண். கம்மங்கூழும், சோளச்சோறும், அவற்றுக்குத் துணையாகப் பருப்புத் துவையலும், சுட்ட மிளகாயும், வெங்காயமுமே இம்மக்களை வளர்த்த உணவு. நெல்லுச்சோறு என்பது இங்கே பொங்கலன்றும், தீபாவளியன்றும், விருந்தினர் வந்தபோதும் மட்டுமே அடுப்பேறியது. நெல் அரிதாக இருந்ததனால் அது பெருமைக்குரியதாயிற்று, அதில் தவறில்லை. ஆனால், நெல் பெருமைக்குரியதாயிற்று என்பதற்காகக் கம்பு எப்படி இழிவுக்குரியதாகும்? "அந்த வீட்டில் இன்னும் கம்மஞ்சோறுதான்" என்று சொன்னால் அவ்வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் இங்கே இருந்தது. பள்ளிக்குக் கூழ் கொண்டுவந்த சிறுவன் அதை மறைத்து வைத்துக் குடித்த காலமும் இருந்தது. அதே மக்கள் ஆடித் திங்கள் பிறந்தால் அம்மன் கோயில் முன்றிலில் கலயத்தோடு கூழுக்கு வரிசையில் நிற்பர். பதினொரு திங்கள் இழிவு. ஒரு திங்கள் அருள்! இந்தக் குழப்பத்தை என்னென்பது!

இப்பொழுது காற்று திரும்பியிருக்கின்றது. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. மன்றம் உலகச் சிறுகூல ஆண்டாக அறிவித்தது. உடனே நகரத்துக் கடைகளில் வண்ணப் பெட்டிகளில் கம்பும் குதிரைவாலியும் வந்து அமர்ந்துகொண்டன. கரிசல் உழவன் களத்தில் விற்ற விலைக்கும் அந்தப் பெட்டியின் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் தலை சுற்றும். அதற்கும் 'சிறுதானியம்' என்று பெயர் வைத்து, 'மில்லெட்டு' என்று பேசினால்தான் நம்மவர்க்குச் சுவைக்கின்றது. தாய் ஊட்டியபோது துப்பியவன், அயலான் ஊட்டும்போது சப்புக்கொட்டுகிறான்.

உடல்நலத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் முன்னோர் உணவு தோற்றுவிடவில்லை. இராபர்ட்டு மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், குன்னூரில் இருந்த தம் ஆய்வுக்கூடத்தில் 1920-களில் ஓர் ஆய்வு நடத்தினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனி எலிக்கூட்டங்களுக்கு ஊட்டி வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமையும் பாலும் காய்கறியும் கலந்த பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னைப் பகுதி உணவை உண்டவை மெலிந்தன. குற்றம் சோற்றின்மேல் இல்லை. தவிட்டையெல்லாம் நீக்கி வெள்ளையாக்கும் தீட்டலின்மேல். வெள்ளை உயர்வு, கறுப்புத் தாழ்வு என்னும் மயக்கம் அரிசியையும் விடவில்லை. கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் ஏறத்தாழ பத்துதான். கறுத்த களியை ஒதுக்கிவிட்டு வெளுத்த சோற்றைத் தேடியவன், எலும்பின் வலிமையை விற்று நிறத்தை வாங்கினான்.

இனி, இவ்வட்டாரத்து உழைப்பாளியின் உணவைப் பார்ப்போம். சிவகாசிச் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் விடியுமுன் அடுப்பெரிகின்றது. பட்டாசாலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகும் பெண்கள், வண்டி வருமுன் சமைத்து, பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, தமக்குத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு ஓடுகின்றனர். ஆறிப்போன அந்தச் சோற்றை நண்பகலில், வேப்பமர நிழலிலோ கொட்டகை ஓரத்திலோ அமர்ந்து, அரக்கப் பரக்க உண்கின்றனர். ஏன் அந்த விரைவு? எண்ணிக்கைக் கூலி! உண்ணும் ஒவ்வொரு மணித்துளியும் கூலியில் குறையும் மணித்துளி. விரல் இடுக்கில் வெள்ளியாய் மின்னும் அலுமினியத் தூளை முற்றுமாகக் கழுவுவதற்குக்கூட அவர்களுக்குப் பொழுதில்லை. நாட்டுக்கெல்லாம் தீபாவளி ஒளி செய்தனுப்பும் கை, தன் வாய்க்குச் சோற்றோடு வேதிப்பொருளையும் கொண்டுபோகின்றது.

150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குடிநீரோடு கூடிய உண்ணுமிடம் வேண்டும், 250 பேருக்கு மேற்பட்டால் உணவுச்சாலை வேண்டும், கைகழுவ வசதி வேண்டும், ஐந்து மணிநேர உழைப்புக்கு அரைமணி ஓய்வு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. முக்கால் நூற்றாண்டு கடந்தபின்னும், மரத்தடியில் குந்தி உண்ணும் பெண்ணைக் காண நேர்வது யாருக்கு இழுக்கு? முதலாளிக்கு இழுக்கு, மேற்பார்வை செய்ய வேண்டிய அரசுக்கு இழுக்கு, "அவர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள்" என்று சொல்லிக் கடந்துபோகும் நமக்கும் இழுக்கு. உழைப்பவன் நிமிர்ந்து அமர்ந்து, கைகழுவி, அமைதியாக ஒரு கவளம் உண்ண இயலாத நாட்டில் விருந்தோம்பல் பற்றி மேடையில் முழங்குவது வெற்றுரையே.

மாலையில் களைத்து வருபவனை எண்ணெய்ப் புரோட்டாக் கடை கூவி அழைக்கின்றது. விருதுநகர்ப் புரோட்டாவின் பெயர் இன்று தமிழகமெங்கும் பரவியிருக்கின்றது. அதை உண்பவனைப் பழிப்பது நம் நோக்கமன்று. பன்னிரண்டு மணிநேரத்தை வேலைக்கும் வழிக்கும் கொடுத்துவிட்டு வருபவனுக்குச் சூடாக, வயிறு நிரம்ப, உடனே கிடைப்பது அதுதான். எப்போதேனும் உண்டால் கேடுமில்லை. தவிடும் முளையும் நீங்கிய மாவை எண்ணெயில் பொரித்து நாள்தோறும் இரவுணவாக்கிக்கொள்வதுதான் கேடு. அதே தெருவில் கம்மங்கூழும் சோளத்தோசையும் சூடாகக் கிடைக்கும் கடையொன்றைத் திறக்க நம்மில் எவரும் முன்வரவில்லையே என்பதுதான் நம் வருத்தம். பருப்புக்கும் எண்ணெய்க்கும் மிளகாய்க்கும் நாட்டுக்கே விலை சொல்லும் வணிக நகரம் விருதுநகர். அந்நகரத்தார் மனம் வைத்தால் முடியாததா?

முடியும் என்பதற்கு வரலாறு அந்நகரிலேயே இருக்கின்றது. கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டதனால் மூண்ட பகையில் 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டதை இவ்வட்டாரம் மறக்காது. அந்த இழிவுகளுக்கிடையில் வாழ்ந்த நாடார் மக்கள், 1889-இல் விருதுபட்டியில் ஒரு பள்ளி தொடங்கினர். அதன் பெயர் சத்திரிய வித்தியாசாலை என்று வடமொழியில் அமைந்ததைக் காலத்தின் கோலம் என்று விடுவோம்; அதன் வயிறு தமிழ்ச்சோற்றால் நிறைந்தது. வணிகர்கள் மகமை தந்தனர். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்து வேறு கலயத்தில் இட்டனர். அந்தப் பிடியரிசி வீடுவீடாகத் திரட்டப்பட்டுப் பள்ளிக்குப் பொருளாயிற்று. பிள்ளைகள் கட்டணமின்றிப் படித்தனர். ஒரு பிடி ஏறத்தாழ ஐம்பது கிராம் என்று கொண்டால், ஆயிரம் வீட்டுப் பிடி நாளொன்றுக்கு 50 கிலோ. ஆண்டுக்கு 18,000 கிலோவுக்கு மேல்! எந்த வீட்டிலும் அதனால் பசி கூடவில்லை. ஓர் ஊரில் எழுத்தறிவு கூடியது.

அந்தப் பள்ளியில் அந்தப் பிடியரிசியில் படித்த சிறுவர்களுள் ஒருவர்தாம் 1903-இல் பிறந்த காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிகளில் நண்பகலுணவு தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1920-இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் அவ்விதை ஊன்றப்பட்டிருந்தது. 1982-இல் ம.கோ.இரா. ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் கணக்கெழுதும் பொருளியலார், விருதுபட்டிப் பெண்ணின் கைப்பிடியையும் முதற் பக்கத்தில் எழுத வேண்டும். தன் உணவைப் பற்றி அவளுக்கு இருந்த மனப்பான்மை, "இது எனக்கு மட்டும் உரியதன்று" என்பது. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாதிருப்பதும் அதே மனப்பான்மையினால்தான்.

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொன்னோம். இனி நம்மை நோக்கியும் சொல்லவேண்டும். சோறு என்று தூய தமிழில் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? திருநெல்வேலியை அடுத்த சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். அவர் விடுதலைப் போராளி, திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனில் தோய்ந்தவர். தமிழ்ப்பற்றில் யாருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும் பார்ப்பனப் பிள்ளைகள் இருவர்க்குத் தனியே உணவளிக்க இசைந்தார். 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழகத்தையே உலுக்கிய பூசல் அதனால் எழுந்தது. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றனர். தமிழை ஒரே வாயால் பேசலாம். ஆனால் ஒரே பந்தியில் உண்ணலாகாது என்றால், அந்தத் தமிழ் யாருக்கு? உணவுக்கடைப் பெயர்ப்பலகையில் குலப்பெயரை அழிக்க 1957-இல் சென்னையில் ஒரு கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது.

இவை பழங்கதை என்று ஆறுதல் கொள்ளாதீர். 2018-இல் அவிநாசி வட்டாரத்துப் பள்ளியொன்றில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கலாகாது என்று பெற்றோர் சிலர் தடுத்தனர். தடுத்தவரும் தமிழர், தடுக்கப்பட்டவரும் தமிழர், பானையில் வெந்ததும் தமிழ்ச்சோறே. வடமொழிச் சொல் வாயைத் தீட்டாக்குகிறது என்று பேசுகின்ற நாம், தமிழ்ப்பெண்ணின் கை உணவைத் தீட்டாக்குகிறது என்று எண்ணுவோரைக் கண்டு வாளா இருந்தால், நம் தனித்தமிழ் தனிப்பந்தித் தமிழாகவே முடியும். சொல்லில் கலப்பை விலக்குவோம். பந்தியில் பிரிவை விலக்குவோம். முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாதவன் பாதித் தமிழனே.

நம் இயக்கக் கூட்டங்களிலும் ஒரு குறை உண்டு. மூன்று மணிநேரம் தமிழுணவின் சிறப்பைப் பேசிவிட்டு, இடைவேளையில் மைதா ஈரட்டியும் தேநீரும் வழங்குகிறோம். அடுத்த கூட்டத்திலிருந்து அவற்றின் இடத்தில் கம்மங்கூழோ, சுக்குநீரோ, அவித்த பயறோ வழங்கப்படட்டும். செலவும் குறையும், சொல்லும் செயலும் ஒன்றாகும்.

எனவே அன்பர்களே! நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, சொல்லுங்கள்: வீட்டிலும், விருந்திலும், உணவகத்திலும் சோறு என்றே கேளுங்கள், உங்கள் இல்லத் திருமண அழைப்பிலும் உணவுப் பட்டியலிலும் சோறு, குழம்பு, மிளகுசாறு, கூட்டு, பொரியல் என்றே அச்சிடுங்கள். இரண்டாவது, உண்ணுங்கள்: கிழமையில் இரண்டு நாளேனும் உங்கள் மண்ணில் விளைந்த புன்செய்க் கூலம் உங்கள் அடுப்பில் ஏறட்டும்; அதை இயன்றவரை விளைவித்தவன் கையிலிருந்தே வாங்குங்கள். மூன்றாவது, பகிருங்கள்: உலையில் இடுமுன் ஒரு பிடி எடுத்துவையுங்கள். ஊருக்கொரு கலயமாகத் திரளும் அந்தப் பிடியரிசி, வெடித்தொழிலில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளின் படிப்புக்குப் போகட்டும். அந்தக் கலயத்தைச் சுமக்க வருபவன் எந்தக் குலம் என்று எவரும் கேளாதிருக்கட்டும்.

அத்திருமணப் பந்தியில் இலையை மடித்து எழுந்த முதியவரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவர் கேட்டது சொத்தன்று, பட்டமன்று, பதவியன்று. தாம் பிறந்த மண்ணில், தம் மக்கள் நடுவில், தம் மொழியில் ஒரு கைச் சோறு கேட்டார். அடுத்த முறை அவர் கேட்கும்போது, "இதோ, சோறு கொண்டுவருகிறேன் ஐயா" என்று உரத்த குரலில் சொல்லும் இளைஞன் ஒருவன் நம்மிலிருந்து எழவேண்டும்.